அகவை தடையாகுமா? பல் மருத்துவ மயக்க முறையின் வரலாறும் முதியோரும்

முன்னுரை

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் மக்களிடையே வழங்கும் பழமொழி. மொழி கற்பிக்கும் நமக்கு இதன் பொருள் பிறரைக் காட்டிலும் நன்கு விளங்கும். பல்லின் துணையின்றித் தகரமும் நகரமும் தம் ஒலியைப் பெறுவதில்லை என்பது இலக்கணம் பயின்றோர் அறிந்த செய்தி. ஆயினும் பழுதுற்ற பல்லை அகற்றிக்கொள்ள மருத்துவர் முன் அமரும்போது, இலக்கணம் பயின்றவரும் பயிலாதவரும் ஒன்றுபோலவே அஞ்சுகின்றனர்.

எனக்கு இளமையில் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் தம் எண்பத்தோராம் அகவையில் பல் நோயால் துன்புற்றார். கீழ்த்தாடையில் நான்கு பற்கள் முறிந்து, வேர்கள் மட்டும் உள்ளே தங்கிவிட்டன. சிறுவயதில் மரத்துப்போகாத பல்லைப் பிடுங்கக் கண்ட அச்சம் அவரை விட்டு நீங்கவே இல்லை. அச்சம் தணிய மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்ய இயலுமா என்று அவர் ஒரு மருத்துவ நிலையத்தில் கேட்டார். அங்கே அவருடைய பிறந்த ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு, “ஐயா, இந்த வயதில் அதெல்லாம் கூடாது” என்று கூறி அனுப்பிவிட்டனர். ஐயா ஓராண்டுக்கும் மேலாகக் கஞ்சியும் குழைந்த சோறுமாய்க் காலம் தள்ளினார்.

‘இந்த வயதில் கூடாது’ என்னும் அத்தீர்ப்பு மருத்துவ அறிவிலிருந்து பிறந்ததா, வெறும் வழக்கத்திலிருந்து பிறந்ததா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமானால், பல் மருத்துவத்தில் மயக்க முறை தோன்றி வளர்ந்த வரலாற்றை நாம் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

இளைஞர்கள் மீது நடந்த முதற் சோதனைகள்

சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்ஸைடை 1772ஆம் ஆண்டில் முதன்முதலாக உண்டாக்கியவர் ஆங்கில அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி. அதனை மூச்சில் இழுத்துச் சோதித்துப் பார்த்தவர் ஹம்ப்ரி டேவி. பிரிஸ்டல் நகரில் பணியாற்றிக்கொண்டிருந்த டேவி, தம் ஈறு வீங்கி வலித்தபோது இவ்வாயுவால் வலி தணிந்ததைக் கண்டார். 1800ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், குருதி மிகுதியாக வெளிப்படாத அறுவைகளில் இது பயன்படக்கூடும் என்று எழுதி வைத்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்தொன்று. அக்குறிப்பை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் பொருட்படுத்தவில்லை.

1844ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் கார்ட்னர் கோல்ட்டன் என்பார் இவ்வாயுவை வேடிக்கைக் காட்சியாக நடத்திக் காட்டினார். வாயுவை உட்கொண்ட இளைஞர் ஒருவர் காலில் அடிபட்டும் வலியை உணராதிருந்ததைப் பார்வையாளருள் ஒருவரான பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் கண்டார். மறுநாளே கோல்ட்டனை அழைத்து வாயுவைக் கொடுக்கச் செய்து, தம் பல் ஒன்றை ஜான் ரிக்ஸ் என்னும் மருத்துவர் பிடுங்கத் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். வெல்ஸுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. 1845ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாஸ்டனில் அவர் நடத்திய பொதுச் செயல்விளக்கம் மட்டும் தோல்வியுற்றது. நோயாளி முனகியதைக் கேட்ட மாணவர்கள் எள்ளி நகைத்தனர். மனமுடைந்த வெல்ஸ் 1848ஆம் ஆண்டில் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார்.

வெல்ஸுடன் முன்னர்க் கூட்டாகத் தொழில் நடத்திய வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதரைக் கையாண்டார். 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் ஈதரைக் கொடுத்து வலியின்றி ஒரு பல்லைப் பிடுங்கினார். அடுத்த அக்டோபர் 16ஆம் நாள் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்த புகழ்பெற்ற அறுவைக்கும் மயக்கம் கொடுத்தவர் அவரே. அதே ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் இலண்டனில் ஜேம்ஸ் ராபின்சன் என்னும் பல் மருத்துவர் ஈதர் மயக்கத்தில் ஒரு பெண்மணியின் பல்லை அகற்றினார். உலகின் மயக்க மருத்துவம் பல் மருத்துவரின் கையிலேயே கண் விழித்தது என்றால் அது மிகையாகாது.

இங்கே நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. டேவிக்கு இருபத்தொன்று, வெல்ஸுக்கு இருபத்தொன்பது, மார்ட்டனுக்கு இருபத்தேழு. கண்டவர்களும் தம்மேலேயே சோதித்தவர்களும் இளமையின் வலிமை மிக்கவர்கள். முதியவரின் உடல் இம்மருந்துகளை எவ்வாறு ஏற்கும் என்னும் வினா அந்நாளில் எழவே இல்லை.

முதற் பலியும் அதன் பாடமும்

1847ஆம் ஆண்டு நவம்பரில் எடின்பரோ நகரின் ஜேம்ஸ் யங் சிம்சன் குளோரோபாமின் மயக்கும் ஆற்றலைக் கண்டார். மூன்று திங்கள் கழியுமுன், 1848ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், இங்கிலாந்தின் வடபகுதியில் ஹன்னா கிரீனர் என்னும் பெண், கால்நகம் ஒன்றை அகற்றுவதற்காகக் குளோரோபாம் கொடுக்கப்பட்டபோது உயிர் நீத்தாள். அவள் அகவை பதினைந்து.

மயக்க மருந்தால் நேர்ந்த இறப்புகளுள் முதன்முதல் பரவலாக அறியப்பட்ட இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை உணர்த்துகின்றது. இளமை ஒரு காப்பன்று. மருந்தின் அளவு, கொடுக்கும் விரைவு, கொடுப்பவரின் கவனம் ஆகியவற்றில் பிழை நேர்ந்தால் பதினைந்து வயதுச் சிறுமியும் மாளலாம். இம்மருந்துகளின் அளவையும் ஆவியின் செறிவையும் முறையாக ஆராய்ந்தவர் இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ. 1853ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியாரின் மகப்பேற்றின்போது குளோரோபாம் கொடுத்தவரும் இவரே. அரசியாருக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அதன் பின்னரே பொதுமக்களிடையே மயக்க மருந்தின் மீது இருந்த ஐயம் பெரிதும் குறைந்தது.

நைட்ரஸ் ஆக்ஸைடோ சில ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1863ஆம் ஆண்டில் கோல்ட்டன் அதனை மீண்டும் பல் மருத்துவத்துக்குக் கொணர்ந்தார். மூன்று வாரத்திற்குச் சற்றே கூடுதலான காலத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பற்கள் பிடுங்கப்பட்டதாக அவரே கூறியுள்ளார். ஆயின் அக்காலத்தில் வாயுவைத் தனியாகவே, உயிர்வளி கலவாமல் கொடுத்தனர். நோயாளியின் முகம் நீலம் பாரித்தலே மயக்கம் வந்ததற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. இம்முறை, சில நொடிகள் மூச்சடைப்பைத் தாங்க வல்ல இளைஞருக்கே பொருந்துவது. குருதிக்குழாய் இறுகி, இதயம் தளர்ந்த முதியவருக்கு அந்த நீல நிறம் மரணத்தின் வாயில். 1868ஆம் ஆண்டில் சிகாகோவின் எட்மண்ட் ஆண்ட்ரூஸ் இவ்வாயுவோடு உயிர்வளியைக் கலந்து கொடுக்கும் வழியைக் காட்டினார். எனினும் அவ்வழி எங்கும் பரவ நெடுங்காலம் ஆயிற்று.

மரத்துப்போகும் ஊசியும் மறையாத அச்சமும்

1884ஆம் ஆண்டில் வியன்னாவின் கார்ல் கொல்லர், கோக்கெயின் நீர் கண்ணை மரத்துப்போகச் செய்வதை உலகுக்கு அறிவித்தார். அதைத் தொடர்ந்து அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், கீழ்த்தாடை நரம்பருகே மருந்தைச் செலுத்திப் பற்களை மரத்துப்போகச் செய்யும் முறையைக் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோவக்கெயின் வந்தது. 1943ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் நில்ஸ் லாஃப்கிரென் உருவாக்கிய லிக்னோக்கெயின் 1948ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்து, இன்றுவரை பல் மருத்துவரின் உற்ற துணையாக விளங்குகின்றது.

ஊசியால் வலி போயிற்று. ஆனால் அச்சம் போகவில்லை. வலியின்மை வேறு, அச்சமின்மை வேறு. அஞ்சும் நோயாளியின் இதயம் விரைந்து துடிக்கின்றது, குருதியழுத்தம் ஏறுகின்றது. இளைஞருக்கு இது சிறு தொல்லை. இதயநோய் உடைய முதியவருக்கோ இதுவே இடராகலாம். எனவே அச்சத்தைத் தணித்தல் வெறும் ஆடம்பரமன்று. சில முதியோருக்கு அதுவே ஒரு பாதுகாப்பு. முதியவர் என்பதற்காகவே அவருக்கு அரைமயக்கம் மறுக்கப்படும்போது இந்த உண்மை மறக்கப்படுகின்றது.

1941ஆம் ஆண்டின் படிநிலை

இவ்வரலாற்றின் திருப்புமுனைகளுள் ஒன்று 1941ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. மயக்கம் பெறும் நோயாளிகளை எவ்வாறு வகைப்படுத்துவது என்று ஆராய அமெரிக்க மயக்கவியலாளர் அமைப்பு மூவரை அமர்த்தியது. மேயர் சக்லட், எமரி ரோவன்ஸ்டைன், ஐவன் டெய்லர் என்பார் அம்மூவர். அவர்கள் வகுத்த படிநிலை பின்னர்த் திருத்தம் பெற்று இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. நோயற்ற உடலினர் முதற்படி. கட்டுக்குள் அடங்கிய இலேசான நோயுடையார் இரண்டாம் படி. வாழ்க்கையைக் கட்டுப்படுத்தும் கடுமையான நோயுடையார் மூன்றாம் படி. உயிருக்கு இடையறாத அச்சுறுத்தலாகிய நோயுடையார் நான்காம் படி. அதற்கும் மேற்பட்டது மரணத்தின் விளிம்பில் நிற்போர்க்கு உரியது.

இப்படிநிலையில் முதுமை ஒரு படியாக இடம்பெறவில்லை. எண்பது வயதினராயினும் நடந்து திரிந்து, சிறிதளவு குருதியழுத்தம் மட்டும் உடையவராய் மருந்துண்டு வருவாராயின் அவர் இரண்டாம் படியில் நிற்கிறார். ஐம்பது வயதினர் மூச்சுத்திணறலால் நான்கு படிக்கட்டு ஏறமாட்டாதவராயின் அவர் மூன்றாம் படியிலோ நான்காம் படியிலோ நிற்கிறார். பிறந்த ஆண்டைக் கொண்டு அன்று. உடலின் நிலையைக் கொண்டே ஒருவரின் தகுதியை அளக்க வேண்டும் என்னும் கொள்கை இவ்வாறு எழுத்தில் ஏறிற்று. வயது வரம்பை மட்டும் காட்டி வாயிலை அடைப்பவர்கள் இக்கொள்கையை மறந்தவர்களே ஆவர்.

அரைமயக்கத்தின் வருகை

1945ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் நீல்ஸ் ஜார்கென்சன் என்னும் பல் மருத்துவர், குருதிநாளத்தின் வழியே மருந்துகளைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, நோயாளி முற்றும் உறங்காமல் அமைதியுற்றிருக்கும் நிலையை உண்டாக்கினார். இங்கிலாந்தில் ஸ்டான்லி டிரம்மண்ட்-ஜாக்சன் இத்துறையில் முன்னின்று, 1957ஆம் ஆண்டில் பல் மருத்துவ மயக்க முறையின் வளர்ச்சிக்கெனச் சங்கம் ஒன்றையும் நிறுவினார். பல்லைப் பிடுங்குபவரே மயக்கத்தையும் கவனிக்கலாமா என்னும் கடுமையான வாதம் அந்நாட்டில் எழுந்தது. அதே 1957ஆம் ஆண்டில், நிமிர்ந்து அமர்ந்த நிலையில் மயக்கம் பெறும் நோயாளி மூர்ச்சையுற்றால் மூளைக்குக் குருதி செல்லாமல் கேடு நேரும் என்று ஜே. ஜி. போர்ன் என்னும் மருத்துவர் எச்சரித்தார். நாற்காலியைச் சாய்த்து நோயாளியைப் படுக்க வைக்கும் வழக்கம் வேரூன்றியதற்கு இத்தகைய எச்சரிக்கைகளும் காரணமாயின.

1963ஆம் ஆண்டில் டயஸிபாம் என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. அச்சத்தைத் தணித்து, தசைகளைத் தளர்த்தி, நிகழ்ந்தவற்றையும் பெரும்பாலும் மறக்கச் செய்யும் இம்மருந்து பல் மருத்துவரின் கைக்கு விரைவில் வந்து சேர்ந்தது. மற்றொரு பக்கம், நைட்ரஸ் ஆக்ஸைடை உயிர்வளியோடு தகுந்த அளவில் கலந்து, நோயாளி விழித்திருக்கும்போதே அச்சம் தணிக்கும் முறையை ஹாரி லங்கா என்பார் பரப்பினார். அவருடைய நூல் 1968ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அரைமயக்கம் என்பது யாது என்பதற்கு 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் ஒரு வரையறை உருப்பெற்றது. மருந்தினால் நரம்பு மண்டலம் தளர்வுற்றாலும், நோயாளியோடு சொல்வழித் தொடர்பு அறுபடாதிருத்தல் வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. ‘வாயைத் திறவுங்கள்’ என்றால் திறக்க வேண்டும், ‘வலிக்கிறதா?’ என்றால் விடை தர வேண்டும். சொல் நின்றுவிட்டால் அஃது அரைமயக்கமன்று. முழு மயக்கத்தை நோக்கிய சரிவு.

இவ்வரையறை மொழியாசிரியராகிய நம் சிந்தனைக்கு உரியது. செவிப்புலன் குன்றிய முதியவரோடு சொல்வழித் தொடர்பு எங்ஙனம் நிலைக்கும்? தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியாரிடம் தமிழறியாத மருத்துவர் எவ்வாறு வினவுவார்? காது கேட்கும் கருவியைக் கழற்றாமல் வைத்திருத்தலும், நோயாளியின் மொழி அறிந்த ஒருவரை அருகிருத்தலும் உபசாரச் செயல்கள் அல்ல. அவை பாதுகாப்பின் பகுதிகள்.

இருபதும் தொண்ணூறும்

வயது தகுதியை மறுப்பதற்குக் காரணமாகாது என்று கண்டோம். ஆயின் வயதுக்குப் பொருளே இல்லை என்று எண்ணுதலும் அதனினும் பெரும் பிழை. இதனை நிறுவிய ஆராய்ச்சி 1975ஆம் ஆண்டில் வெளிவந்தது. உல்ரிச் குளோட்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் டயஸிபாம் உடலில் பாதியாகக் குறைவதற்கு எத்துணைக் காலம் ஆகிறது என்பதை வெவ்வேறு வயதினரிடம் அளந்தனர். இருபது வயதினரிடம் அக்காலம் ஏறத்தாழ 20 மணி. வயது ஏற ஏற அதுவும் ஏறி, எண்பது வயதினரிடம் ஏறத்தாழ 90 மணியாக நீண்டது. திங்கட்கிழமை காலை கொடுத்த மருந்தில் பாதி வியாழன் இரவு வரை முதியவர் உடலில் தங்கியிருக்கும் என்பது இதன் பொருள். வீடு திரும்பிய பின் நள்ளிரவில் கழிவறைக்குச் செல்ல எழுந்தவர் தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளலாம். பல் நலமுற்றது, கால் கெட்டது என்னும் நிலை அன்றோ அது!

முதுமையில் உடலின் நீர்ப்பகுதி குறைந்து கொழுப்புப் பகுதி விகிதத்தில் மிகுகின்றது. கொழுப்பில் கரையும் மருந்துகள் அங்கே தங்கி, மெல்ல மெல்ல வெளிவருகின்றன. ஈரலுக்குச் செல்லும் குருதியோட்டம் குறைவதால் மருந்தைச் சிதைக்கும் வேகமும் குறைகின்றது. மூளையும் அதே அளவு மருந்துக்கு மிகுதியாக வசப்படுகின்றது. குருதியோட்டம் மெதுவாதலால் ஊசியில் செலுத்திய மருந்து வேலை செய்யத் தொடங்கவும் நேரம் ஆகின்றது. ‘மருந்து போதவில்லை போலும்’ என்று பொறுமையிழந்து மீண்டும் செலுத்துவோர் இரண்டு அளவும் ஒருங்கே வேலை செய்யும்போது திகைக்க நேரிடுகின்றது.

இத்தகைய திகைப்பு 1980களில் உண்மையாகவே நிகழ்ந்தது. டயஸிபாமைக் காட்டிலும் விரைவில் உடலை விட்டு நீங்கும் மிடஸோலம் என்னும் மருந்து அப்போது புழக்கத்துக்கு வந்தது. ஆயின் அது டயஸிபாமினும் பன்மடங்கு வலியது என்பதைப் பலர் உணரவில்லை. பழைய மருந்தின் அளவை எண்ணி இதனைக் கொடுத்தபோது மூச்சடங்கிச் சிலர் மாண்டனர். முதியோரும் தளர்ந்தோரும் இதற்கு எளிதில் இரையாயினர். 1988ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவொன்று இதனை விசாரித்தது. மருந்தின் குறிப்பேட்டில் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. இங்கிலாந்தில் ஜி. டி. பெல் என்பாரும் குழுவினரும் 800 நோயாளிகளை ஆராய்ந்து, வயது கூடக் கூடத் தேவைப்படும் மிடஸோலத்தின் அளவு குறைகின்றது என்பதை 1987ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியிருந்தனர்.

நம் மரபில் அறுபது என்பது மணிவிழாக் காணும் அகவை. மருந்தின் குறிப்பேட்டிலும் அறுபது ஓர் எல்லைக்கல்லாயிற்று. அமெரிக்கக் குறிப்பேட்டின்படி, அறுபதுக்குக் குறைந்த நலமுடையவருக்கு மிடஸோலம் முதலில் 2.5 மில்லிகிராமுக்கு மேற்படாமல் கொடுக்கப்பட வேண்டும். அறுபதைக் கடந்தவர்க்கோ 1.5 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. அதனையும் இரண்டு நிமிடத்திற்குக் குறையாமல் மெல்லச் செலுத்தி, மேலும் இரண்டு நிமிடமேனும் பொறுத்திருந்து பார்த்த பின்னரே அடுத்த துளியைப் பற்றி எண்ண வேண்டும். வரலாறு கூறும் தீர்ப்பு இங்கே தெளிவாகின்றது. வயது வாயிலை அடைக்கும் தாழ் அன்று. அளவைக் குறைக்கச் சொல்லும் கட்டளை.

காவற்கருவிகளும் சட்டங்களும்

மருந்தறிவு வளர்ந்ததைப் போன்றே காவலும் வளர்ந்தது. 1974ஆம் ஆண்டில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி கண்ட கொள்கையால், விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி குருதியில் உயிர்வளியின் அளவைக் காட்டத் தொடங்கியது. முகம் நீலம் பாரிக்கும் வரை காத்திருந்த காலம் போய், அதற்கு முன்னரே எச்சரிக்கும் காலம் வந்தது. மிடஸோலத்தின் வேலையை மாற்றும் புளூமஸெனில் என்னும் மருந்தும் 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும், 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் இசைவு பெற்றது. எனினும் இம்மாற்று மருந்தின் ஆற்றல் விரைவில் மறைவதால், உறக்கம் மீண்டும் கவியக்கூடும். இதனை நம்பி அளவை மீறுதல், குடை இருக்கிறதென்று புயலில் கடலுக்குச் செல்வதை ஒக்கும்.

இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டில் வெளிவந்த போஸ்வில்லோ அறிக்கை, பல் மருத்துவத்தில் முழு மயக்கத்தை இயன்றவரை தவிர்த்து அரைமயக்கத்தை மேற்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. 2001ஆம் ஆண்டின் முடிவோடு அந்நாட்டில் மருத்துவமனைக்கு வெளியே பல் சிகிச்சைக்காக முழு மயக்கம் கொடுத்தல் நின்றது. எனவே அரைமயக்கத்துக்கு யார் தகுதியுடையவர் என்னும் வினா முன்னினும் முதன்மை பெற்றது.

இன்னொரு மாற்றமும் இவ்வினாவுக்கு வலிமை சேர்த்தது. 1968ஆம் ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 37 பேர் ஒரு பல்லும் இல்லாதவர்கள். 2009ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அத்தொகை நூற்றுக்கு 6 ஆகக் குறைந்துவிட்டது. பல்லில்லாத முதியவர்க்குப் பல் அறுவை தேவையில்லை. பல்லோடு முதுமையெய்துவோர்க்கே வேர்ச்சிகிச்சையும் அறுவையும் தேவை. பல்லைக் காத்துக்கொண்டோம், காத்த பல்லுக்குச் சிகிச்சை பெறும் முதியோர் தொகையும் பெருகிற்று.

தகுதியை அளக்கும் வினாக்கள்

இன்று முதியவரின் தகுதியைப் பொறுப்புடைய மருத்துவர் எவ்வாறு அளக்கிறார்? எத்தனை படிக்கட்டுகளை இடைவிடாது ஏற முடிகிறது? இதயம், நுரையீரல், சிறுநீரகம் எந்நிலையில் உள்ளன? உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா? உட்கொள்ளும் மாத்திரைகள் யாவை? உறக்க மாத்திரையும் கடும் வலிநீக்கியும் ஏற்கெனவே உண்பவர்க்கு அரைமயக்க மருந்து மும்மடங்கு எச்சரிக்கையோடு கொடுக்கப்பட வேண்டும். அண்மையில் விழித்திரை அறுவை செய்து கண்ணுள் வாயுக் குமிழி வைக்கப்பட்டவர்க்கு நைட்ரஸ் ஆக்ஸைடு அறவே கூடாது. அக்குமிழியை அவ்வாயு பெருக்கிக் கண்பார்வையைக் கெடுக்கும். நினைவாற்றல் குன்றியவராயின், சிகிச்சையைப் புரிந்து இசைவு தரும் ஆற்றல் அவருக்கு உண்டா என்பதையும் கருத வேண்டும். இவற்றோடு எளிய வினா ஒன்றும் உண்டு: அன்றிரவு வீட்டில் உடனிருப்பவர் யார்?

முதுமையின் தளர்ச்சியை அளக்கும் முறைகளும் இந்நூற்றாண்டில் தோன்றியுள்ளன. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லிண்டா ஃபிரீட் குழுவினர், எடைக்குறைவு, சோர்வு, கைப்பிடியின் வலிமைக் குறைவு, நடையின் தளர்வு, இயக்கக் குறைவு ஆகிய ஐந்து அறிகுறிகளால் தளர்ச்சியை அடையாளம் காட்டினர். 2005ஆம் ஆண்டில் கனடாவின் கென்னத் ராக்வுட் குழுவினர் தளர்ச்சிக்கு ஓர் அளவுகோல் வகுத்தனர். ஒரே வயதினர் இருவருள் ஒருவர் தோட்டத்தில் மண் வெட்டுவதும் மற்றவர் படுக்கையிலிருந்து எழமாட்டாததும் நாம் நாளும் காண்பனவே. நம் கண் கண்டதற்கு அறிவியல் அளவு தந்தது, அவ்வளவே.

இவற்றின் முடிவில் மூன்று வழிகள் தோன்றும். முதல், இரண்டாம் படியினர் முறையான பயிற்சியும் கருவிகளும் உள்ள பல் மருத்துவ நிலையத்திலேயே அரைமயக்கம் பெறலாம். அதற்கு மேற்பட்ட நோயினர் மருத்துவமனையில் மயக்கவியலாளர் காவலில் பெறுவது தகும். சிலருக்கு மரத்துப்போகும் ஊசியும், பொறுமையும், ஆறுதல் சொற்களுமே சிறந்த மருந்தாகலாம். மூன்றும் முறையான முடிவுகளே. ஆராயாமல் மறுத்தல் மட்டுமே முறையற்றது.

முடிவுரை

மறுப்பதில் இடர் இல்லை என்று எண்ணுவோர் உளர். மருந்து கொடுத்து ஏதேனும் நேர்ந்தால் பழி வரும். கொடுக்காவிட்டால் பழி இல்லை என்பது அவர்தம் கணக்கு. அவ்வாறு எண்ணுவதற்கு இடமளிக்கும் இறப்புகளும் வரலாற்றில் உண்டு என்பதை நாம் மறைத்தலாகாது. ஆனால் சிகிச்சை பெறாத பல்லின் சீழும், உண்ண இயலாத உடலின் மெலிவும், வாய் திறக்க நாணி ஒதுங்கும் தனிமையும் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. ஏறாமையால் அவை இல்லையென்றாகிவிடா.

என் ஆசிரியரைப் பின்னர் வேறொரு மருத்துவர் பார்த்தார். அவர் பிறந்த ஆண்டைக் கேட்டதோடு நில்லாமல், ஐயா மாடிப்படி ஏறுவதையும், உண்ணும் மாத்திரைகளையும், இரவில் உடனிருக்கும் மகளையும் பற்றி வினவினார். இதய மருத்துவரின் கருத்தையும் எழுதிப் பெற்றார். பின்னர் மருத்துவமனையிலேயே, இளைஞருக்குக் கொடுக்கும் அளவில் பாதிக்கும் குறைவான மருந்தைப் பொறுத்துப் பொறுத்துச் செலுத்தி, நான்கு வேர்களையும் அகற்றினர். சிகிச்சையின்போது அவரோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் ஒரு தாதியார். இரண்டு நாள்கள் மகள் அவரைத் தனியே நடக்க விடவில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது யாது? நம் இல்லத்து முதியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, அவர்கள் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டுக் கொண்டுசெல்வோம். ‘வயதாகிவிட்டது, கூடாது’ என்னும் விடை வந்தால், ‘எந்த நோயின் காரணமாகக் கூடாது?’ என்று பணிவோடு கேட்போம். ‘கூடும்’ என்னும் விடை வந்தால், ‘அளவைக் குறைப்பீர்களா? எத்துணை நேரம் கவனிப்பீர்கள்?’ என்றும் கேட்போம். முதற் கேள்வி முதியவரின் உரிமையைக் காக்கும். இரண்டாம் கேள்வி அவர் உயிரைக் காக்கும். இரண்டையும் கேட்கும் துணிவு வீட்டிலுள்ள இளையோர்க்கு வேண்டும்.